நாற்பத்தைந்தும் முப்பத்தேழரையும்

நெவியோ துரீனாவுக்கு முப்பத்தொன்பது வயதிலேயே தலை வழுக்கையாகிவிட்டது. ரோமானோவுக்கு எழுபத்தொரு வயதிலும் முடி இருந்தது. எண்ணெய் தடவி, முன்னால் சுருட்டி, மேலே தூக்கி வாரியிருப்பார். 1959இல் எப்படி வாரினாரோ அப்படியே. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒந்தீனாவின் சாப்பாட்டுக் கடை வாசலில் முதலில் அந்த முடி தெரியும். அதன் பின்னால் ரோமானோ வருவார்.

நெவியோ அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். பாகர் வளைகுடாவின் அக்கரையில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் நாற்பத்தோரு வருடம் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றியவர். பத்து மணிச் சாப்பாட்டுக்கு ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வயிறு தளத்தின் பத்து மணிச் சங்கொலிக்கே பசித்தது. வியாழன் என்றால் குடல் கறி, மேலே துருவிய பாலாடைக்கட்டி, தண்ணீர் கலந்த சிவப்பு ஒயின். எதிர் நாற்காலியில் ரோமானோ. அறுபது வருட நண்பன். பொறாமைக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

அதை நெவியோ மறைத்ததில்லை. ரோமானோவின் முடிமேல் பொறாமை. சரக்குக் கப்பலில் பரிமாறுகிறவராகப் போய் அவர் பார்த்த துறைமுகங்களின்மேல் பொறாமை. அவருக்கு மூட்டு வலி இல்லை என்பதன்மேலும்கூட. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் செய்தால் பாதி நேரம் ரோமானோதான். "அவன் மறுபடியும் எங்கேயோ போயிட்டு வந்திருக்கான்" என்று தொடங்குவார். மகளுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம்.

2014 மே மாதத்தில் ரோமானோ போய்விட்டு வந்தது இத்தாலிக்கு. அங்கே ஒரு கடற்கரை ஊரில் மூன்று நாள் பழைய ராக் பாட்டுத் திருவிழா. ஓய்வூதியர் சங்கத்தின் பஸ்.

"கை குடுத்தேன்டா" என்றார் உட்கார்ந்ததும். வலது கையை மேசைமேல் வைத்துக் காட்டினார். "இதே கை."

"யாருக்கு?"

"ஒரு பியானோக்காரர். எண்பத்தி மூணு வயசு. அந்தக் காலத்துப் பெரிய பாட்டுக்காரங்களுக்கெல்லாம் பின்னால வாசிச்சவராம். லிட்டில் ரிச்சர்டை இதோ இந்த உப்பு டப்பா தூரத்துல பார்த்திருக்காராம்."

"அவர் பார்த்திருக்கார். நீ பார்க்கல."

"நான் அவரைப் பார்த்தேன்ல?"

"அப்ப நான் இப்போ உன்னைப் பார்க்குறேன். நானும் லிட்டில் ரிச்சர்டைப் பார்த்த கணக்குதான். பஸ் காசு மிச்சம்."

ஒந்தீனா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். அறுபதைத் தொட்டவள், இருவரையும் கிழங்கள் என்றே கூப்பிடுவாள். "அந்தக் கையக் கழுவினியா இல்லியா?"

"எப்படிக் கழுவுவேன்?"

"மூணு நாளாவா? அப்ப என் ரொட்டிக் கூடைய அந்தக் கையால தொடாத. அந்தக் கிழம் எடுத்துக் குடுக்கும், வாங்கித் தின்னு."

நெவியோ ரொட்டியை எடுத்துக் கொடுத்தார். பெரிய துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

பிறகு வழக்கமான சண்டை. பாட்டுக்காரர்களில் யார் பெரியவர்? நெவியோவுக்குச் சக் பெர்ரி. கிடாரைப் பேச வைத்தவர், பாட்டைத் தானே எழுதியவர், வேறென்ன வேண்டும் என்பது அவர் கட்சி. ரோமானோவுக்குப் பட்டி ஹோலி. எப்போதும் பட்டி ஹோலி.

"கண்ணாடி போட்டுக்கிட்டு மேடை ஏறினான்டா. அதுக்கு முன்னாடி எவனாவது ஏறியிருக்கானா? அந்தக் கனமான குரல், அந்த நிதானம்!"

"நிதானமா? ரேடியோவுல கேட்டா குதிரை ஓடுற மாதிரி ஓடுது."

"ரேடியோவுல வர்றது பின்னாடி அவசர அவசரமா பதிஞ்சது. சின்னப் பசங்களுக்காக. ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. நீயும்தானே கேட்டிருக்க?"

"கேட்டிருக்கேன்" என்றார் நெவியோ.

இந்த இடம் வரும்போதெல்லாம் அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். சிரிப்பு தெரிந்துவிடக் கூடாது. ஒந்தீனா அதைக் கறியின் ருசி என்று நினைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். 1959 வசந்தத்தில் ரோமானோவின் மாமா, மாலுமி, அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயர் கொண்டுவந்தார். சின்னது, பழுப்பு நிறம், நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓடும் தட்டுகளுக்கு மட்டும். கூடவே ஏழு இசைத்தட்டுகள். அமெரிக்க மின்சாரம் நூற்றுப் பதினேழு வோல்ட், இவர்கள் ஊரான பாகரில் இருநூற்றிருபது. செருகினால் எரிந்துபோகும். மாமா அதை யோசிக்கவில்லை. பிளேயர் மூன்று வாரம் அலமாரிமேல் பொம்மை மாதிரி இருந்தது.

அதை ஓட வைத்தவர் நெவியோ. அப்போது பதினாறு வயது. கம்பி சுற்றும் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். அப்பா இறந்து மூன்று மாதம். கழிவுத் தகடுகளைப் பொறுக்கி, பழைய செம்புக் கம்பியைப் பிரித்து, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் செய்தார். செங்கல் அளவு, இரண்டு செங்கல் கனம். கம்பிச் சுற்றுகளை வாய்விட்டு எண்ணினார். ரோமானோவின் வீட்டில் அதைப் பொருத்தி முள்ளை வைத்தபோது பட்டி ஹோலி பாடினார். கனமான, நிதானமான, நாற்பது வயது ஆளின் குரலில்.

அந்தக் கோடையில் ரோமானோவின் வீட்டு ஜன்னலோரம் உட்காரப் பெண்கள் வந்தார்கள். பிளேயர் ரோமானோவுடையது. ஆகவே பாட்டும் ரோமானோவுடையது. ஊர் அவரை 'அமெரிக்கன்' என்றது. டிரான்ஸ்ஃபார்மர் மேசைக்கு அடியில் இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பிறகு ஒரு இத்தாலியப் பத்திரிகையில் செய்தி வந்தது. பட்டி ஹோலி அந்தப் பிப்ரவரியிலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார், வயது இருபத்திரண்டு. ரோமானோ நம்பவில்லை. "இருபத்திரண்டா? இந்தக் குரலா? அச்சுப் பிழை."

இருவரும் சேர்ந்து பாட்டுக் கோஷ்டி தொடங்கினார்கள். ரோமானோ பாட, நெவியோ கிடார். இசைத்தட்டோடு சுதி சேர கிடாரின் கம்பிகளை மூன்று படி தளர்த்த வேண்டியிருந்தது. தளர்ந்த கம்பிகள் உறுமின. 1960இல் கப்பல் தொழிலாளர் மண்டபத்தில் வாசித்தபோது எல்லாரும் ஜோடியாகக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். உலகத்தின் மற்ற இடங்களில் அந்தப் பாட்டுக்கு ஜனங்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பாகருக்குத் தெரியாது.

1962இல் நெவியோ மாலைநேரத் தொழில்நுட்ப வகுப்புக்குப் போனார். இரண்டாம் மாதம் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சூத்திரம் எழுதினார். இவ்வகை மோட்டாரின் வேகம் வோல்ட்டைப் பொறுத்ததல்ல. மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் அறுபது. இங்கே ஐம்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், துடிப்பைத் தொடாது.

நெவியோ நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டார். அறுபதில் ஐம்பது. ஆறில் ஐந்து. நாற்பத்தைந்துக்குப் பதில் முப்பத்தேழரை. நாற்பது வயது ஆள் இருபத்திரண்டு வயதுப் பையன் ஆனார்.

சரிசெய்வது அரை மணி நேர வேலை. மோட்டாரின் அச்சுதான் தட்டைச் சுழற்றுகிறது. அச்சின் குறுக்களவு ஐந்து மில்லிமீட்டர். அதன்மேல் ஆறு மில்லிமீட்டர் பித்தளை உறை ஒன்றை மாட்டினால் போதும். மறுநாளே லேத்தில் கடைந்தார். அரை மில்லிமீட்டர் கனம், சுண்டுவிரல் நகத்தளவு உயரம். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரோமானோ வீட்டுக்குப் போனார்.

ஜன்னல் திறந்திருந்தது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ரோமானோ கூடவே பாடிக்கொண்டிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. ஜன்னல் விளிம்பில் அல்மா உட்கார்ந்திருந்தாள். நெவியோ பிறகு கல்யாணம் செய்துகொண்ட அல்மா. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நெவியோ திரும்பி நடந்தார். உறை பைக்குள்ளேயே இருந்தது. அன்று இரவு அதை ஒரு புகையிலை டப்பாவில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தார்.

அதன் பிறகு ரோமானோ என்ன பெற்றாலும், எங்கே போனாலும் நெவியோவிடம் அந்த டப்பா இருந்தது. அல்மா இருபத்தைந்தாவது கல்யாண நாளிலும்கூட "ரோமானோ குரல் அப்படியே உருகும்" என்றாள். நெவியோ கோபப்படவில்லை. உருகும், ஆறில் ஐந்து வேகத்தில் எந்தக் குரலும் உருகும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அல்மா இறந்து இப்போது ஐந்து வருடம்.

மே கடைசியில் ரோமானோ இன்னொரு செய்தியோடு வந்தார்.

"பிளேயரைக் கேக்குறாங்கடா. ஊர் மன்றத்துல. இந்த ஊர்ல முதன்முதலா ராக் பாட்டு வந்த கதையை வச்சு ஒரு கண்காட்சி. நடுவுல கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள என் பிளேயர். திறப்பு விழாவுல நான் பேசணுமாம்."

"நீயா?"

"பின்ன நீயா?"

நெவியோ கரண்டியை வைத்தார். "டிரான்ஸ்ஃபார்மர்?"

"அதுவும் பிளேயரோட போயிடுச்சு."

மறுநாளே நெவியோ மன்றத்துக்குப் போனார். கண்காட்சியைச் செய்கிற பெண்ணின் பெயர் மார்த்தா. முப்பது வயது இருக்கும். பெயர் அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். நெவியோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'ரெக்கார்டு பிளேயர், அமெரிக்கா. வழங்கியவர் ரோமானோ பவேஷிச்.' பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. 'டிரான்ஸ்ஃபார்மர். உள்ளூர்த் தயாரிப்பு. செய்தவர் தெரியவில்லை.'

"இது யார் சொன்னது?"

"ரோமானோ ஐயாதான். யார் செஞ்சதுன்னு கேட்டேன். ஞாபகம் இல்லைன்னுட்டார். ஏன் ஐயா, உங்களுக்குத் தெரியுமா?"

நெவியோ கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டு வெளியே வந்தார். மலையிலிருந்து இறங்கி மூச்சை அடைக்கும் 'பூரா' என்ற கடுங்காற்று அன்று இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகும் படிக்கட்டில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். வீட்டில் இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்தார். பித்தளை கறுத்திருந்தது. துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்.

ஞாபகம் இல்லையாம். முதல் கப்பலின் பெயர் ஞாபகம் இருக்கும். மான்டிவிடியோவில் சாப்பிட்ட மாட்டிறைச்சி ஞாபகம் இருக்கும். யாரோ ஒரு பியானோக்காரர் கை கொடுத்தது சாகும்வரை ஞாபகம் இருக்கும். இது இருக்காது.

திட்டம் எளிது. விழாவில் ரோமானோ எழுந்து வழக்கம்போல 'ஒரிஜினல்' என்பார். பக்கத்து நகரமான ரியேகாவிலிருந்து வானொலிக்காரர்கள் வருகிறார்கள். அவர் பேசி முடித்ததும் நெவியோ கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இதன் மோட்டார் எத்தனை துடிப்புக்குச் செய்தது? பிறகு மேடைக்குப் போய் உறையை மாட்டுவார். பட்டி ஹோலி இருபத்திரண்டு வயதில் பாடுவார். எல்லாரும் ரோமானோவைப் பார்ப்பார்கள்.

இரண்டு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சவரம் செய்யும்போது, மீன் சுத்தம் செய்யும்போது. கேள்வியில் மரியாதை இருக்க வேண்டும், குரல் உயரக் கூடாது.

ஆனால் விழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை ரோமானோ புதுச் சட்டையோடு வந்தார். கறுப்பு, காலர் தூக்கியது.

"எப்படி இருக்கு?"

"செத்த வீட்டுக்கா?" என்றாள் ஒந்தீனா.

"விழாவுக்குடி. மைக் முன்னாடி நிக்கப்போறேன்ல."

அந்தச் சட்டைதான் காரியத்தைக் கெடுத்தது. விழா நடக்கும் சனிக்கிழமைவரை பொறுக்க நெவியோவால் முடியவில்லை. அந்த முகம் மாறுவதை இந்த மேசையிலேயே, குடல் கறிக்கு முன்னால், தான் மட்டும் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"ரோமானோ, உன் ஒரிஜினல் ஒரிஜினல் இல்ல" என்றார்.

ரோமானோ மென்றுகொண்டிருந்தார்.

"பிளேயர் மெதுவா ஓடுது. ஆரம்பத்துலேர்ந்தே. அமெரிக்க மோட்டார், நம்ம மின்சாரம். நாப்பத்தஞ்சு சுத்து சுத்த வேண்டியது முப்பத்தேழரைதான் சுத்துது. நீ கேட்டது, பாடினது, ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறது எல்லாம் தப்பான வேகம். ரேடியோவுல வர்றதுதான் சரி."

ரோமானோ விழுங்கினார். ஒயின் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"தெரியும்டா" என்றார்.

"என்ன தெரியும்?"

"இதேதான். அறுபத்தெட்டுலேர்ந்து. பால்டிமோர்ல துறைமுகத்துப் பக்கம் ஒரு சாராயக் கடை. காசு போட்டா பாடுற பெட்டி. நம்ம தட்டேதான், அதே சிவப்பு லேபிள். போட்டா ஓட்டமா ஓடுது. உங்க பெட்டி கெட்டுப் போச்சுன்னு கடைக்காரன்கிட்ட சொன்னேன். கடையே சிரிச்சது. அப்புறம் எங்க கப்பல் எலெக்ட்ரீஷியன் வந்து விளக்கினான், துடிப்பு கிடிப்புன்னு. எந்த மடையன்டா இந்த டிரான்ஸ்ஃபார்மரைச் செஞ்சான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"மாமா அங்கேயே வாங்கினதுன்னேன்."

ஒந்தீனா மேசை துடைக்கும் துணியோடு நின்றுவிட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் நெவியோ. குரல் அவர் ஒத்திகை பார்த்த குரலாக இல்லை.

"சொல்லி? அந்த வருஷம்தான் உன்னைப் பட்டறைக்குத் தலைவராப் போட்டாங்க. முதல்ல செஞ்ச வேலையே கோணல்னு உன்கிட்ட வந்து சொல்லணுமா? உங்கப்பா செத்த அந்த மூணு மாசத்துல நீ வாயத் திறந்து பேசினதே அந்தச் சுத்த எண்ணினதுதான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

"அப்ப ஒரிஜினல், ஒரிஜினல்னு..."

"ஏன் மெதுவா ஓடுதுன்னு எவனாவது கேட்டுக்கிட்டேதான் இருந்தான். நெவியோ செஞ்சதுன்னா உன்னைத்தான் சிரிப்பாங்க. ஒரிஜினல்னா மேல கேக்க மாட்டாங்க. அதான் அந்தப் பொண்ணுகிட்டயும் யார் செஞ்சதுன்னு ஞாபகம் இல்லைன்னேன். ரேடியோக்காரங்க வர்றாங்க, எவனாவது விவரம் தெரிஞ்சவன் இருந்தான்னா?" ரோமானோ ரொட்டியால் தட்டை வழித்தார். "சரி, நீ எப்போ கண்டுபிடிச்ச?"

நெவியோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். படகுகள் அசையாமல் நின்றன.

"இப்போதான்" என்றார். "போன வாரம். மன்றத்துல பிளேயரைப் பார்த்தப்போ."

"நாப்பத்தோரு வருஷம் மோட்டார் வேலை பார்த்துட்டு போன வாரம்தானா!" ரோமானோ தொடையில் அடித்துச் சிரித்தார். "ஒந்தீனா, இவனுக்கு இன்னொரு கரண்டி கறி போடு. மூளைக்கு நல்லது."

நெவியோ சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார்.

நன்றி வரவேண்டிய இடம் அது. வரவில்லை. வந்தது பழைய எரிச்சல்தான், முன்பைவிடச் சூடாக. முடியில் முந்தினான், கடலில் முந்தினான். இப்போது நல்லவனாக இருப்பதிலும் முந்திவிட்டான். அதையும் நாற்பத்தாறு வருடமாக, ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டாமல். தான் சிரிப்பை மறைத்துக் குனிந்த ஒவ்வொரு வியாழனும் எதிரில் இருந்தவன் நெவியோவின் பெயரை வெளியே விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறான்.

ஒன்றில் மட்டும் நெவியோ முந்தியிருந்தார். அறுபத்தெட்டுக்கு முன்னால் வருவது அறுபத்திரண்டு. அதைச் சொன்னால் ஆறு வருடம் முதலாவது ஆள் அவர்தான். அதைச் சொன்னால் மற்றதும் தெரியும். டப்பாவில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தது தெரியும். 'போன வாரம்' என்றது பொய் என்றும் தெரியும். சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ரோமானோ சனிக்கிழமை எழுந்து அவருக்காக இன்னொரு முறை பொய் சொல்வார்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த மைக் முன்னால், அந்தச் சட்டையில், தனக்காக.

வெள்ளிக்கிழமை மார்த்தாவிடம் போனார். டப்பாவைத் திறந்து உறையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதையும் பெட்டிக்குள்ள வைக்கணும்மா. அட்டையில என்ன எழுதணும்னு நான் சொல்றேன்."

சொன்னார். அவள் எழுதினாள். கடைசி வார்த்தையில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்படியே போடவா ஐயா?"

"அப்படியே போடு."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் எழுபது வயதுக்காரர்கள், 1960இல் ஆடியவர்கள். ரோமானோ கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிவந்து எல்லாருடைய கையையும் குலுக்கிக்கொண்டிருந்தார். பித்தளை உறையைப் பார்த்ததும் நின்றார். குனிந்தார். சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். புதுச் சட்டை, பையே இல்லை. பக்கத்தில் நின்ற ஒந்தீனாவின் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு, வழக்கமான உரத்த குரலில் படித்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர், 1959. பித்தளை உறை, 1962. உறையை மோட்டார் அச்சில் மாட்டினால் பாட்டு சரியான வேகத்தில் ஓடும். இரண்டையும் செய்தவர் நெவியோ துரீனா."

அடுத்த வார்த்தையை மெதுவாகப் படித்தார். "மாட்டவில்லை."

நெவியோ சுவரோரம் நின்றிருந்தார். அந்த முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஐம்பத்திரண்டு வருடம் ஆசைப்பட்டவர். இப்போது பார்த்தார். ரோமானோ விரல் விட்டு எண்ணினார். அறுபத்திரண்டு, மூன்று, நான்கு. எட்டுவரை வந்து நிறுத்தினார். நெவியோ பக்கம் திரும்பவில்லை.

மைக் முன்னால் அழைத்தபோது போய் நின்றார்.

"பாட்டைப் போடுங்க" என்றார்.

மார்த்தா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து முள்ளை வைத்தாள். பட்டி ஹோலி கனமாக, நிதானமாக, நாற்பது வயதில் பாடினார். வானொலிக்கார இளைஞன் ஏதோ பழுதென்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். ஆனால் முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்தாள், பிறகு அவள் கணவர். இரண்டாவது வரிக்குள் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. கால்கள் மறக்கவில்லை. பாட்டு முடிந்தபோது ரோமானோ மண்டபத்தில் இல்லை.

அடுத்த வியாழன் எதிர் நாற்காலி காலி. அதற்கடுத்த வியாழனும்.

"போன் பண்ணு" என்றாள் ஒந்தீனா.

"எதுக்கு?"

"பூட்டைத் திறக்கத்தான். ரெண்டு கிழமும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கிட்டா என் கறிய யார் தின்பா?"

நெவியோ போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ரோமானோ எங்கேயோ போயிட்டு வந்திருக்கான் என்று அன்று தொடங்கவில்லை. "நான் ஒரு வேலை செஞ்சேன்" என்று தொடங்கினார்.

மூன்றாவது வியாழன் பத்து மணிக்கு வாசலில் அந்த முடி தெரிந்தது. ரோமானோ வந்து உட்கார்ந்தார். ஒந்தீனா கேட்காமலே தட்டை வைத்தாள். இருவரும் பாதித் தட்டைக் காலிசெய்தார்கள்.

"ஆறு வருஷம் முந்திட்ட" என்றார் ரோமானோ.

"ம்."

"ஏன்டா மாட்டல?"

நெவியோ யோசித்துப் பார்த்தார். "உனக்குத் தெரியாதது ஒண்ணாவது எனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னுதான்."

"ஐம்பத்திரண்டு வருஷமா?"

"ஆமா."

"சந்தோஷமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. வியாழக்கிழமை வியாழக்கிழமை."

ஒந்தீனா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். ரோமானோ சிரிக்கவில்லை. பாலாடைக்கட்டிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து மிச்சம் இருந்தது முழுவதையும் தன் தட்டில் கொட்டிக்கொண்டார். நெவியோ வெறும் கறியைச் சாப்பிட்டார்.

"அக்டோபர்ல கிராட்ஸ் பட்டணத்துக்கு ஒரு பஸ் போகுது" என்றார் ரோமானோ கடைசியில். "அங்க ஒரு கோஷ்டி பட்டி ஹோலி பாட்டா பாடுறானுங்களாம். சரியான வேகத்துல. ரெண்டு சீட்டு சொல்லி வச்சிருக்கேன்."

நெவியோ அதுவரை சங்கத்தின் எந்த பஸ்ஸிலும் போனதில்லை. மூட்டு வலி என்பார், மீன் வாங்க வேண்டும் என்பார். அன்று ஒயினை ஊற்றினார், இரண்டு கோப்பையிலும் ஒரே அளவு.

"ஜன்னல் யாருக்கு?"

"எனக்குத்தான்டா. பின்ன?"

அக்டோபரில் போய்வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நெவியோ மகளிடம் நாற்பது நிமிடம் பேசினார். பாட்டைப் பற்றிப் பத்து நிமிடம். மீதி முப்பது நிமிடம் ஜன்னலைப் பற்றி: போகும்போதும் வரும்போதும் அவனே உட்கார்ந்தான், மலையெல்லாம் அவன் பக்கம், எனக்கு அவன் காதுதான் தெரிந்தது, அடுத்த முறை நான் முதலில் ஏறிவிடுவேன். அடுத்த முறை மார்ச்சில் என்றார். பணம் கட்டியாகிவிட்டது என்றார்.

பிப்ரவரி பதினேழாம் தேதி காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது நெவியோ இறந்தார். இதயம். வயது எழுபத்திரண்டு.

மார்ச்சில் ரோமானோ தனியாகப் போனார். ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தாராம்.